பொன்னி கூவிய காலை

கேமரன் மலையில் பனி கலையுமுன்பே பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி மட்டும் புத்தகத்தைத் திறக்காமல் விம்மிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“எங்க பொன்னி கூவிருச்சு டீச்சர். பொட்டக் கோழி கூவினா குடும்பத்துக்கு ஆகாதாம். நாளைக்குப் பாட்டி அறுக்கப் போறாங்க.”

பொன்னி அவள் தீபாவளிக் காசில் வாங்கிய வெள்ளைக் குஞ்சு. பெட்டை என்று சொல்லித்தான் விற்றார்களாம். முட்டை விற்றுப் பள்ளிக் காலணி வாங்குவது என்று வீட்டில் பேச்சு. ஐந்து மாதம் ஆகியும் முட்டை இல்லை, கூவல்தான் வந்தது. அதற்கு மறுநாள் அவள் அப்பா தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். “கோழி வேணும்னு அடம் பிடிச்சவ நீதானே” என்று வீட்டில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. பிஞ்சு மனம்; அப்பா விழுந்ததே தன்னால்தான் என்று நம்பிவிட்டது.

அன்று மாலையே அவர்கள் லயத்துக்குப் போனேன். கீரைப் பாத்தியருகே பொன்னி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“அம்மா, இது பெட்டையே இல்லை. சேவல்!” என்றேன்.

“அம்பது வருசமா கோழி வளர்க்கிறேன் டீச்சர். எனக்கா சேவல் தெரியாது?” என்றார் பாட்டி.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நாட்டுக் கோழியில் சேவலின் செம்பொன் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் கோழி இனங்களில் ஆணும் பெண்ணும் ஒரே வெள்ளை. கொண்டையை வைத்துச் சொல்லலாம் என்றால், லெகார்ன் இனத்தில் பெட்டைக்கும் கொண்டை பெரிதுதான். பாட்டி ஏமாந்ததில் வியப்பில்லை.

பொன்னியைப் பிடித்து மூன்று இடங்களைக் காட்டினேன். கழுத்து இறகு பெட்டைக்கு நுனி உருண்டிருக்கும். சேவலுக்கு நீண்டு கூராக இருக்கும். வால் தொடங்கும் இடத்தில் சேவலுக்கு இழை இழையாகக் கூரிய இறகுகள் இருபுறமும் தொங்கும். வாலில் சில இறகுகள் அரிவாள்போல் வளையும். மூன்று நான்கு மாதக் கோழியில் இவற்றைத் தேடிப் பார்க்கலாம். கால் முள்ளை மட்டும் நம்பக்கூடாது. சில பெட்டைகளுக்கும் அது வளரும்.

“அப்படின்னா பொட்டக் கோழி கூவுறதே இல்லையா?” என்று பாட்டி விடவில்லை.

அபூர்வமாகக் கூவும். பெட்டைக்கு முட்டை உண்டாகும் சூலகம் இடப்பக்கம் மட்டுமே வளர்கிறது. நோயால் அது கெட்டுவிட்டால், வலப்பக்கம் வளராமல் கிடந்த உறுப்பு ஆண் தன்மையோடு வளரக்கூடும். அப்போது கொண்டை பெருக்கும், சேவல் இறகு முளைக்கும், கூவவும் செய்யும். முட்டையிட்டு வந்த ஒரு கோழி இப்படி மாறியதை எடின்பரோ நகர விஞ்ஞானி குரூ 1923இல் எழுதியிருக்கிறார். அந்தக் கோழிக்கு வந்தது நோய், சகுனம் அல்ல.

இது தெரியாத காலத்தில் பெரிய மனிதர்களே தடுமாறியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1474ஆம் ஆண்டு, முட்டையிட்டது என்று ஒரு சேவலை வழக்குமன்றத்தில் நிறுத்தி, தீர்ப்புச் சொல்லி, எரித்தே விட்டார்கள். அது சேவல் உருவம் பெற்ற நோயாளிப் பெட்டையாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் உள்ளே பாயில் படுத்திருந்த அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். மகளை அருகே அழைத்தார். “மழையில மண்ணு வழுக்கிச்சு, நான் விழுந்தேன். அதுக்கு நம்ம சேவல் என்னம்மா செய்யும்? நீ என்ன செய்வே?” என்று தலையைத் தடவினார். அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து லயத்தில் ஒருவர் பெட்டைகள் வளர்த்தார். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால் தேவை. அவர் ஓர் இளம் பெட்டையைக் கொடுத்துவிட்டுப் பொன்னியை வாங்கிக்கொண்டார். இப்போது அதன் பெயர் பொன்னன்.

தாய்மார்களே, “பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?” என்று எத்தனை முறை நம் பெண் பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம்! வீட்டில் துன்பம் வரும்போது பழியைச் சுமக்க ஒரு கோழியையோ குழந்தையையோ தேடாதீர்கள். அந்தப் பாரத்தை அவர்களால் தாங்க முடியாது.

மறுவாரம் அந்தச் சிறுமி வகுப்பில் தானாகவே எழுந்து நின்று, சேவலை அறியும் மூன்று அடையாளங்களையும் கணீரென்று சொன்னாள். கடைசி வரிசைப் பையன்களும் வாய்மூடிக் கேட்டார்கள்.