கடையில் வாங்கினால் 'ரிட்டர்ன்' கிடையாதா? சட்டம் சொல்வது என்ன?

தாம்பரம் சண்முகம் சாலைக்கு நடந்தே போய் மிக்சி வாங்கிவிடலாம். ஆனாலும் பக்கத்துத் தெருக்காரர்களே அமேசான், ஃப்ளிப்கார்ட்டைத்தான் திறக்கிறார்கள். விலை மட்டுமல்ல, 'சரியில்லைன்னா ரிட்டர்ன் போட்டுடலாம்' என்ற தைரியமும் ஒரு காரணம். ஆன்லைன் பழக்கத்தைக் குறைக்க நினைப்பவர்களும் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள்.

கடை பில்லில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கும். பழுதான பொருளுக்கு அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள் போக வேண்டும். இல்லையென்றால் 30 நாள்.

பில் தர மறுப்பதும் இதே குற்றச்சாட்டில்தான் வரும். 'பில் வேணாம்னா நூறு ரூபா குறைச்சுக்கலாம்' என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச்சீட்டை வைத்து அப்புறம் வாதாடுவது கஷ்டம்.

கலர் பிடிக்கவில்லை, சைஸ் பத்தவில்லை என்பதெல்லாம் இதில் சேராது. அது கடைக்காரர் மனசு, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். துணியும் செருப்பும் போட்டுப் பார்த்தே வாங்கலாம் என்பது கடையில் இருக்கும் வசதி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஃபேன் வாங்கினால் கதையே வேறு. அங்கே ஓட்டிப் பார்ப்பதுதான் வாரண்ட்டி!

கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது.