பிள்ளையின் தூக்கத்துக்கு யார் காவல்?

சுங்காயிலிருந்து விடிவதற்கு முன்பே கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு, பாட்டி ஒரு போத்தல் மைலோ கலக்கிப் பையில் வைப்பார். பசி தாங்காதே என்ற பாசம்தான். ஆனால் அன்று மூளைக்கான கதிர் அறுவை சிகிச்சைக்காகப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால், முதல் ஆபத்து அந்தப் போத்தலில்தான் இருக்கிறது. மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு வாந்தி வந்தால் இருமித் துப்ப முடியாது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பால்மாவு, மைலோ, லேசான சாப்பாடு எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். நாசி லெமாக், ரொட்டி சானாய் என்றால் 8. தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். தவறிப்போய்க் கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மூளைக்கான கதிர் அறுவை சிகிச்சையில் கத்தி கிடையாது. ஸ்வீடனின் மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் அதற்கு அந்தப் பெயரை வைத்தார். 1968இல் காமா நைஃப் கருவி வந்தது. அதன் இன்றைய வகைகளில் 192 கோபால்ட் மூலங்களின் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் வந்து குவிகின்றன. பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று ஏவிஎம்: மூளையில் தமனியும் சிரையும் பிறவியிலேயே பின்னிக்கொண்டு கிடக்கும் முடிச்சு. கதிர் பட்ட பிறகு அது மூட பெரும்பாலும் 2, 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை ரத்தம் கசியும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும்.

கதிர் வலிக்காது. ஆனால் குறி ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பக் கூடாது என்பதால், பல நேரங்களில் தலையில் நான்கு திருகாணிகளால் ஓர் உலோகச் சட்டத்தைப் பூட்டுகிறார்கள். பிறகு ஸ்கேன், கணக்கிடுதல், கதிர் என்று மணிக்கணக்கில் போகும். வளர்ந்த பிள்ளை மரத்துப்போகும் ஊசியோடு தாங்கிக்கொள்ளும். ஐந்து வயதுப் பிள்ளையால் முடியாது. முழு மயக்கம் தேவைப்படும்.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டும். கதிர் பாயும்போது அந்த அறையில் யாருமே இருக்க முடியாது. பிள்ளை தனியாகத் தூங்கும். மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து கேமராவிலும் திரையிலும் பார்ப்பார். மூச்சு திணறினால் கருவியை நிறுத்தி, ஓடி உள்ளே போக வேண்டும். முகத்துக்கு முன்னால் இருக்கும் சட்டம் மூச்சுக்குழாய் செருகுவதற்கு இடைஞ்சலாக இருக்கும். அதனால் அதைக் கழற்றும் சாவி எந்நேரமும் பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சின்ன இரும்புத் துண்டுதான், உயிர் அதில் இருக்கிறது. "சாவி எங்கே இருக்கும் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவி உண்டா என்றும் கேளுங்கள். விரலில் மாட்டும் கருவி மூச்சு நின்று சற்று நேரம் கழித்துத்தான் எச்சரிக்கும். கரியமில வாயுவை அளக்கும் கருவி உடனே காட்டிவிடும். பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் யார், அவர் முழு நேரமும் இருப்பாரா என்பதும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

18 வயதுக்குக் கீழே என்றால் சிகிச்சைக்கான சம்மதப் பாரத்தில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தால் அம்மாவின் கையெழுத்து போதுமா என்று தோட்டத்துப் பெண்கள் தயங்குவதுண்டு. முஸ்லிம் அல்லாத குடும்பங்களில், 1961ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சம உரிமை தந்திருக்கிறது. பாரம் மலாயில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாமல் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. எந்த ஆபத்தை நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பதை டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வீடு திரும்பும் வழியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். பிள்ளைகளின் மயக்க மருந்து விபத்துகள் 95ஐ 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மயக்கவியல் நிபுணர் சார்ல்ஸ் கோட்டேயின் குழு ஆராய்ந்தது. 51 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். சிலருக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே, காரில் போகும்போதே மூச்சு நின்றிருந்தது. அரைத் தூக்கத்தில் தலை முன்னால் சாய்ந்து மோவாய் நெஞ்சில் முட்டினால் சின்னப் பிள்ளையின் மூச்சுவழி அடைபடும். கோலாலம்பூரிலிருந்து சுங்காய்க்கு நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். பிள்ளை நன்றாக விழித்து, பேசி, தண்ணீர் குடித்த பிறகே கிளம்புங்கள். ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள்.

செலவுக்குக் கை கடித்தால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவச் சமூகப் பணி அதிகாரியைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு எப்படி மனுப் போடுவது என்று வழிகாட்டுவார். தனியார் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே செலவு மதிப்பீடு கேட்கலாம்.

ஏதாவது தப்பு நடந்துவிட்டதாகத் தோன்றினால் முதலில் மருத்துவ அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மீதான புகாரை அமைச்சின் சிஸ்பா இணைய முறையில் கொடுக்கலாம். தனியார் என்றால் முதலில் அந்த ஆஸ்பத்திரியின் புகார்ப் பிரிவு, பிறகு சுகாதார அமைச்சு. டாக்டரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றம். நட்டஈட்டு வழக்குக்குக் காலக்கெடு உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரி மீது 36 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைக்கு 18 வயது ஆகட்டும் என்று காத்திருக்காமல், தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு முதல் சில மாதங்களிலேயே வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.