உங்கள் ஆல்பத்தில் ஒரு வரையாடு

மிளகும் சுக்கும் மணக்கும் ஜூ டவுனில் குடியிருப்பவனுக்கு மலை விலங்குகளோடு என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களில் மூணாறு போய் வராத வீடு குறைவு. போனவர்கள் இராஜமலையில் வரையாட்டைப் படமெடுக்காமல் திரும்புவதும் குறைவு. அந்தப் படங்கள் ஆராய்ச்சிக்கு உதவும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வட அமெரிக்காவின் வெள்ளை மலையாடு, குளிர்கால உரோமத்தை எப்போது உதிர்க்கிறது என்று அறிய ஆய்வாளர்கள் பொதுமக்களிடம் படங்கள் கேட்டு வாங்கினர். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய படங்களும் சேர்ந்தன. கிடாக்கள் முந்தி உதிர்க்கின்றன, குட்டியுள்ள பெட்டைகள் பிந்தி உதிர்க்கின்றன என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. வெப்பம் கூடிவரும் காலத்தில் இது அறிய வேண்டிய செய்தி.

நம் வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் புலவர்கள் இதை வருடை என்றனர். மேற்குத் தொடர்ச்சி மலை தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தபோது கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, ஆக மொத்தம் 2,668 தான் இருந்தன. இராஜமலை அடங்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவில் மட்டும் 841.

முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் உரோமம் வெளுத்திருக்கும். ஆகவே படத்தைப் பார்த்தே கிடா, பெட்டை, குட்டி என்று பிரிக்கலாம். தேதியும் இருந்தால் குட்டிகள் எந்த மாதத்தில் தென்பட்டன என்று ஆண்டுதோறும் ஒப்பிடலாம். உடலில் காயமோ கட்டியோ இருந்தாலும் தெரியும். ஆனால் எண்ணிக்கைக்குப் படங்கள் போதா. பாதையோரம் மனிதருக்குப் பழகிய ஆடுகளே அவற்றில் அதிகம் விழும். கணக்கெடுக்க வனத்துறையினர் மலையேறித்தான் ஆகவேண்டும்.

எங்கள் தெருவின் பழம்பொருள் கடைகளில் பெயரும் தேதியும் இல்லாத புகைப்படங்களைப் பார்த்திருக்கிறேன். யார், எங்கே, எப்போது என்று சொல்ல ஆளில்லை. நம் வீட்டுப் படங்களுக்கு அந்த நிலை வரவேண்டாம். எடுத்தவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே இடத்தையும் தேதியையும் பின்புறம் எழுதி வையுங்கள். பிறகு பிள்ளைகளிடம் கொடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வரையாடு அருகிவரும் விலங்கு என்பதால் அது இருக்கும் சரியான இடத்தை அத்தளம் மறைத்தே காட்டும். வேட்டையாடுவோருக்குத் துப்புக் கிடைக்காது.

ஒரு வேண்டுகோள்: நல்ல படம் வேண்டுமென்று நெருங்கிப் போகாதீர்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள். குட்டி ஈனும் காலத்தில் பூங்காவை மூடுவார்கள். பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.