ஐதரொட்சில் மூலிகமும் ஐதரோகாபன்களும்: தாக்கவீதம் பற்றிய ஒரு விளக்கம்

கீழ் வளிமண்டலத்தில், பகற்பொழுதில், ஒரு கன சென்ரிமீற்றரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஐதரொட்சில் மூலிகங்களே உள்ளன. அதே கனவளவிலுள்ள மொத்த மூலக்கூறுகளோ சுமார் 2.5 × 10¹⁹ ஆகும். எனினும், காற்றிற் கலக்கும் ஐதரோகாபன்களை அகற்றும் பிரதான முகவர் இம்மூலிகமே. சூரிய ஒளியினால் இது கீழ்ப்படையிலும் இடையறாது உருவாகின்றதென ஹைரம் லெவி 1971 இல் எடுத்துக்காட்டியதைத் தொடர்ந்து, இதன் தாக்கவீதங்கள் பெருமுக்கியத்துவம் பெற்றன.

நிரம்பிய ஐதரோகாபன்களிலிருந்து இம்மூலிகம் ஓர் ஐதரசன் அணுவைக் கவர்ந்து நீராகின்றது. மெதேனின் காபன்–ஐதரசன் பிணைப்புச் சக்தி மூலொன்றுக்கு 439 கிலோயூல். எதேனில் அது ஏறத்தாழ 420. வலிய பிணைப்பைத் தாக்குவதற்கு ஏவற்சக்தி மிகுதியாக வேண்டும். ஆகவே, 298 கெல்வினில் எதேன் மெதேனிலும் சுமார் 40 மடங்கு விரைவாகத் தாக்கமுறுகின்றது. எதிலீனிலோ மூலிகம் இரட்டைப் பிணைப்புடன் நேரே சேருகின்றது. அங்கு தடை இல்லாமையால் வேகம் மெதேனினதிலும் ஆயிரம் மடங்குக்கு மேலாகும்; வெப்பநிலை உயர அவ்வேகம் குறைவதும் கவனிக்கத்தக்கது.

மெதேனைப் பெருமிகையாக எடுத்து, லேசர்த் துடிப்பினாற் சிறிதளவு மூலிகத்தை உண்டாக்கி, அதன் தேய்வை ஒளிர்வு மூலம் அளப்பர். மெதேனின் செறிவு மாறாதிருப்பதால் தாக்கம் போலி முதல்வரிசையினதாகின்றது. தேய்வு வீதத்தை மெதேன் செறிவுக்கு எதிரே வரையப் பெறும் கோட்டின் சாய்வே வீத மாறிலி. இங்கு தூய்மை இன்றியமையாதது: மெதேனில் நூற்றுக்கு ஒரு பங்கு எதேன் கலந்திருப்பினும், அளக்கப்படும் மாறிலி ஏறத்தாழ 40 சதவீதம் மிகைப்படும்.

இது ஆய்வுகூடத்துள் அடங்கும் பிரச்சினையன்று. வளியிலுள்ள மெதேனின் அளவை அதன் ஆயுட்காலத்தால் வகுத்தே, ஆண்டுதோறும் அகற்றப்படும் தொகை கணிக்கப்படுகின்றது. அவ்வாயுட்காலத்தை நிர்ணயிப்பது இவ்வீத மாறிலி. வக்ஜியானியும் ரவிசங்கராவும் 1991 இல் மேற்கொண்ட அளவீடு, மாறிலி அதுவரை ஏற்கப்பட்டதிலும் சுமார் 25 சதவீதம் குறைவெனக் காட்டிற்று. உடனே ஆயுட்கால மதிப்பீடு நீண்டது. நெல்வயல், கால்நடை, சதுப்புநிலம், எரிவாயுக் கசிவு ஆகியவற்றுக்கிடையே பங்கிடப்படவேண்டிய மொத்தத் தொகையும் சுருங்கிற்று.

உழவனின் வயலுக்கும் எரிவாயுக் குழாய்க்கும் எவ்வளவு பொறுப்பைச் சுமத்துவது என்ற விவாதம் சமூக விவாதமே. ஆயின் அவ்விவாதத்தின் எண்கள், ஒரு மூலிகம் எவ்வளவு விரைவில் மறைகின்றது என்ற அளவீட்டிலேயே தங்கியுள்ளன.