வீட்டிற்கும் ஓர் அலிபிரி

அலிபிரி வழியாகத் திருமலைக்கு ஏறுவோர் யாவரும் அங்கே ஒருமுறை நின்றே தீரவேண்டும். செல்வரானாலும் எளியவரானாலும் வண்டியை விட்டு இறங்கிப் பையைச் சோதனைக்கு வைத்து எடுத்த பின்னரே மலைப்பாதை திறக்கும். மது, இறைச்சி, புகையிலை ஆகியவை மேலே செல்லலாகா. நான் பலமுறை அங்கே நின்று பார்த்திருக்கிறேன். காவலர் யாரையும் ஏசுவதில்லை. "நீ எங்கே உருப்படப் போகிறாய்!" என்று யாரிடமும் சொல்வதில்லை. நேற்று ஒருவனை விட்டுவிட்டு இன்று அவனையே பிடித்து உலுக்குவதுமில்லை. விதி இன்னதென்று எல்லார்க்கும் தெரியும். அது எல்லார்க்கும் ஒன்றே. அதை நடத்துவதில் கோபம் இல்லை.

இந்தச் சோதனைச் சாவடியை நான் நினைத்துக்கொண்டதற்குக் காரணம் சித்தூரில் இருக்கும் என் சித்தியின் வீடு. சித்தப்பா பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் வேலையில் அமர்ந்தவர். அவருடைய ஒரே மகன் இண்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வயது பதினேழரை. ஓராண்டாகக் கஞ்சா குடிக்கிறான். அதை மறைப்பதையும் நிறுத்திவிட்டான். "ஆமாம், குடிக்கிறேன். என்ன செய்வீர்கள்?" என்று தந்தையின் முகத்திற்கு நேரே கேட்கிறான்.

இது பெற்றோர்க்குரிய செய்தியாயிற்றே, மாணவர் இதழில் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வீட்டில் பேச்சு நின்றுபோன பிள்ளை அடுத்தபடியாகத் தேடுவது விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணனையும் அக்காவையும்தான். இரவு பதினொரு மணிக்குக் கைபேசி ஒலிக்கும். "அக்கா, ஐந்நூறு ரூபாய் அனுப்பு. அம்மாவிடம் சொல்லாதே." நான் இருமுறை அனுப்பினேன். அன்பினால் அனுப்பினேன் என்றுதான் அப்போது எண்ணினேன்.

அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் பலருக்கும் தம் வீட்டு நினைவு வரலாம். மகன் பணம் கேட்பான்; தாய் மறுப்பாள். அவன் குரலை உயர்த்துவான், தட்டை எறிவான். அக்கம்பக்கத்தார் காதில் விழுமே என்று அஞ்சி நான்காம் நாள் தாய் இருநூறு ரூபாயைக் கையில் திணிப்பாள். வீடு அமைதியாகும். இது தந்தைக்குத் தெரியவந்த அன்று அடி விழும். மறுநாள் அடித்த கையே வருந்திப் புதுச்சட்டை வாங்கித் தரும்.

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்பாருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட ஆய்வுநூலில் புறாக்களைப் பற்றிய ஓர் உண்மை விரிவாகக் காட்டப்பட்டுள்ளது. பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி பெற்றுவந்த புறா, தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே தீனி பெற்ற புறாவோ, தீனி அடியோடு நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். நான்கு நாள் மறுத்து ஐந்தாம் நாள் கொடுக்கும் தாய், தான் உறுதியாக இருக்க முயன்றதாகவே எண்ணுகிறாள். அவள் உண்மையில் கற்பித்த பாடமோ, நான்கு நாள் கத்தினால் போதாது, ஐந்து நாள் கத்தவேண்டும் என்பது. ஆரிகன் மாநிலத்தில் பல குடும்பங்களை ஆராய்ந்து 1982இல் நூல் எழுதிய பேட்டர்சன் இன்னும் ஒன்றைச் சுட்டினார். இத்தகைய வீட்டில் பிள்ளை மட்டும் பழக்கப்படுவதில்லை. பணம் கொடுத்ததும் கூச்சல் நிற்கிறதல்லவா? அந்த அமைதி, மீண்டும் கொடுக்கும்படி பெற்றோரைப் பழக்குகிறது. ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டு இருவரும் கீழே இறங்குகிறார்கள்.

ஆகவே எல்லை வகுப்பது என்றால் இன்னும் உரக்கக் கத்துவது என்று பொருள் கொள்ளலாகாது. "நீ இனிமேல் கஞ்சா குடிக்கக் கூடாது" என்பது எல்லையன்று. அது நம் ஆசை. வெளியே அவன் எதை இழுக்கிறான் என்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவை வீடு, பணம், வண்டிச் சாவி, நம் சொல் ஆகியவை. "இந்த வீட்டிற்குள் அது வரக்கூடாது, வந்தால் கொட்டிவிடுவோம். கையில் ரொக்கம் தரமாட்டோம். கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் சீட்டும் நாங்களே கட்டுவோம். போதையில் வந்த நாளில் வண்டி கிடையாது. அம்மாவை ஏசினால் பேச்சு அங்கேயே நிற்கும். மறுநாள் காலையில் தொடர்வோம்." இவற்றுள் எதற்கும் அவனுடைய சம்மதம் தேவையில்லை. நாம் செய்யப்போவதை நாம் சொல்கிறோம், அவ்வளவே. எல்லைக்கும் அதட்டலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

முதல் சில நாட்களில் கூச்சல் குறையாது, கூடும். தீனி நின்றதும் புறாவும் முதலில் வேகமாகத்தான் கொத்தும். பெரும்பாலான வீடுகள் தோற்பது அந்த வாரத்தில்தான். முன்பே இதை அறிந்திருந்தால், "பார்த்தாயா, கண்டித்ததால் இன்னும் கெட்டுப்போனான்" என்று கை விடவேண்டி வராது.

வண்டிச் சாவியைப் பற்றிச் சித்தப்பாவுக்கு ஐயம் இருந்தது. "சாவியை மறுத்தால் பையன் மானம் போகும்" என்றார். மானத்திற்கு வழி தேடலாம், திருப்பதிச் சாலையில் லாரிக்கு அடியில் போன உயிருக்கு வழி ஏது என்று கேட்டேன். பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். ஆனால் அன்று முதல் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

சட்டத்தையும் சிறிது அறிந்துகொள்ளல் நலம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, தம் இடத்தில் இக்குற்றம் நடப்பதைத் தெரிந்தே அனுமதிப்பவரும் தண்டனைக்கு உரியவர். ஆகவே "வீட்டிற்குள் வரக்கூடாது" என்பது பெற்றோரின் பிடிவாதமன்று. கஞ்சா புகைத்ததற்கே 27ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதினெட்டு நிறையும் வரை சிறுவர் நீதிக் குழுமத்தின் முன் நிற்கும் பிள்ளை, பிறந்தநாள் கழிந்தபின் செய்யும் குற்றத்திற்கு வயது வந்தோர் நீதிமன்றத்தில் நிற்பான். என் தம்பிக்கு அந்த நாள் வர ஆறு மாதமே உள்ளது. இதே சட்டத்தில் 64அ என்றொரு பிரிவும் உண்டு. பழக்கத்திற்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திற்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்திற்கோ ஆளாகும்போது, தாமே முன்வந்து ஏற்புடைய மருத்துவ இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கப்படலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அக்காப்பு நீங்கும். போலீசை நினைத்து மருத்துவமனையை அஞ்சும் குடும்பங்கள் அறியவேண்டிய பிரிவு இது.

பையன் ஏன் இப்படி எதிர்த்து நிற்கிறான்? திமிர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் பலர். விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் வேலை நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதியுடையது. அது இருபதுகளின் நடுப்பகுதி வரையில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதிகளோ அதற்கு முன்பே விழித்துக்கொள்கின்றன. இந்த இடைவெளியில்தான் கஞ்சா நுழைகிறது. அதன் மயக்கத்திற்குக் காரணமான டி.எச்.சி. என்னும் பொருளை 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் பிரித்தெடுத்தனர். நம் மூளையே சுரக்கும் அதைப் போன்ற ஒரு பொருள் 1992இல் கண்டறியப்பட்டபோது, 'ஆனந்தம்' என்ற வடசொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். பெயர் அழகியதுதான்! எனினும் 45,000க்கும் மேற்பட்ட ஸ்வீடன் நாட்டுப் படைவீரர்களைப் பதினைந்தாண்டு தொடர்ந்து கவனித்து 1987இல் வெளிவந்த ஆய்வை மறக்கலாகாது. பதினெட்டு வயதிற்குள் ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களிடம் மனச்சிதைவு நோய், பயன்படுத்தாதவர்களைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. வேறு காரணங்களையும் கணக்கிட்டபோது அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. ஒருமுறை புகைத்தவனெல்லாம் பித்தனாவான் என்று மிரட்ட இதைச் சொல்லவில்லை. அப்படி மிரட்டினால் அவன் நண்பர்களைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பான். பிறகு நம் மெய்யான பேச்சையும் நம்பமாட்டான்.

எல்லை வகுப்பதில் சித்தப்பா செய்த பெரும்பிழை ஒன்று உண்டு. "வீட்டை விட்டு வெளியே போ!" என்றார் ஓர் இரவு. அவனும் போய்விட்டான். விடியும் வரை பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தேடி, கண்ணீரோடு கெஞ்சி அழைத்து வந்தவரும் அவரே. அன்றோடு அவருடைய சொல்லின் மதிப்புப் போயிற்று. நிறைவேற்ற முடியாததைச் சொல்லவே கூடாது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளையைக் காப்பது பெற்றோர் கடமை. அவனைத் தெருவில் விடுவதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. தெருவில் அவனை வரவேற்கக் காத்திருப்பவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சிறிய விதியாக இருக்கட்டும், சொன்னபடி நடக்கட்டும்.

விதி மட்டும் இருந்தால் வீடு காவல் நிலையம் ஆகிவிடும். நியூ மெக்சிகோவில் மேயர்ஸ் என்பவர் குடும்பத்தாருக்கென்றே ஒரு பயிற்சிமுறை வகுத்தார். தெளிவோடிருக்கும் வேளையில் அவனோடு உட்காருதல், பேசுதல், அவனுக்குப் பிடித்ததைச் சேர்ந்து செய்தல். போதையில் இருக்கும் வேளையில் சண்டையிடாமல் விலகிநிற்றல். அவன் மனம் இளகும் நேரம் பார்த்துச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லுதல் ஆகியவை அதன் சாரம். சிகிச்சைக்கு மறுத்த குடிநோயாளரின் 130 குடும்பங்களைக் கொண்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைக் கற்ற குடும்பங்களில் நூற்றுக்கு 64 பங்கினர் தம்மவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். உறவினர் எல்லாம் கூடி அவரை உட்காரவைத்து நேருக்கு நேர் எடுத்துரைக்கும் முறையில் அது 30 பங்குதான். நம் பக்கத்தில் பெரியப்பா, தாய்மாமன், ஊர்ப்பெரியவர் என்று பஞ்சாயத்துக் கூட்டுவோமே, அதைத்தான் இது எனக்கு நினைவூட்டியது.

சித்தி செய்தது எளியது. எட்டு மாதமாக மகனிடம் கஞ்சாவைத் தவிர வேறெதையும் பேசாதவள், அவன் தெளிவாக வந்த மாலைகளில் அவனோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டாள். கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டாள். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. அவன் விளக்கினான்.

மருத்துவ உதவிக்குச் சித்தூர்க்காரர் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. எல்லை கடந்தால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறும் வழக்கத்தை நாட்டில் முன்னின்று வளர்த்த இடங்களுள் அது ஒன்று. சென்னையில், குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனையும் குடும்பத்தாருக்கெனத் தனியே பயிற்சி அளிப்பது. வர மறுக்கும் பிள்ளையை எதிர்பார்த்துப் பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் தாமே சென்று ஆலோசனை கேட்கலாம். சித்தி அவ்வாறே தனியாக ஒருநாள் வேலூருக்குப் பேருந்து ஏறினாள். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனநல உதவிக்கு 14416. ஆந்திரத்தில் போதைப்பொருள் விற்பனையைப் பற்றித் தெரிவிக்க 1972.

ஒன்றைத் தனியே குறிக்கவேண்டும். இங்கே சொன்ன எல்லைகள் எல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடும். "செத்துப்போவேன்" என்று பிள்ளை சொன்னாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, மிரட்டல் என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அவனைத் தனியே விடற்க. டாபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் போதைக்கு உட்கொள்ளும் பழக்கமும் நம் இளைஞரிடையே உண்டு. அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கும். எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்துக் கிடப்பவனுக்கு அறிவுரை எதற்கு? உடனே 108ஐ அழைக்கவேண்டும்.

தம்பி இன்னும் முற்றும் விடவில்லை. மாதம் இருமுறை தாயோடு வேலூர் போகிறான். ஒருமுறை போக மறுத்து, அறையை அடைத்துக்கொண்டான். சித்தி தனியே போய்வந்தாள். சென்ற வாரம் இரவில் எனக்குக் கைபேசி ஒலித்தது. புத்தகம் வாங்க எழுநூறு ரூபாய் வேண்டுமென்றான். "புத்தகத்தின் பெயரைச் சொல்லு. நானே வாங்கி அனுப்புகிறேன். பணம் அனுப்பமாட்டேன்" என்றேன். "நீயும் அவர்களோடு சேர்ந்துவிட்டாய்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தான். நான்கு நாள் அவன் பேசவில்லை. எனக்கும் படிப்பில் மனம் செல்லவில்லை. ஐந்தாம் நாள் ஒரு செய்தி வந்தது. வேதியியல் புத்தகம் ஒன்றின் பெயர் இருந்தது, வேறொன்றும் இல்லை. விலை முந்நூற்று நாற்பது ரூபாய். வாங்கி அனுப்பியிருக்கிறேன்.