சாயம் ஊற்றுகிறவர்கள் ஏன் நீதிமன்றம் போவதில்லை?

கேரி தீவில் எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றில், ஒருநாள் காலை கதவு முழுக்கச் சிவப்புச் சாயம். கேட்டில் சங்கிலிப் பூட்டு. கம்பியில் அடையாள அட்டை நகலோடு ஒரு பதாகை. கடன் வாங்கிய மகன் கிள்ளானில் வாடகைக்கு இருக்கிறார். வீட்டில் இருந்தவர் அவருடைய அம்மா மட்டும்தான். அக்கம்பக்கத்தார் எழுவதற்குள் சாயத்தைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்பதே அந்த அம்மாவின் பதற்றமாக இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றோம். “கடன் வாங்கியது நாமதானே, என்ன முகத்தோட போறது?” என்றார்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. வட்டிக்குக் கடன் கொடுப்போருக்கான 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் போட்ட கடன் ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. உரிமமின்றிக் கடன் கொடுப்பதே குற்றம். அதற்கு அபராதம் 250,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட் வரை, சிறையும் உண்டு. கடன் வாங்கியவர் மீது அந்தச் சட்டத்தில் குற்றமில்லை. ஆக, ஆலோங் வழக்குப் போட வழியில்லாததால்தான் வாசலுக்கு வருகிறார். அவர் கையில் இருக்கும் ஒரே அடமானம் நம் மானம்.

வட்டிக் கணக்கையும் பாருங்கள். உரிமம் பெற்றவர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. 1,000 ரிங்கிட்டுக்கு 180 ரிங்கிட். வட்டி முதலையிடம் வாரத்துக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் வட்டி மட்டும் 5,200 ரிங்கிட். முதல் அப்படியே நிற்கும். கல்விக்கடன் பணம் கைக்கு வரும்வரை சமாளிக்கலாம் என்று புலனத்தில் வரும் ‘உடனடிக் கடன்’ விளம்பரத்துக்குப் பதில் போடும் நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அடையாள அட்டைப் படத்தையும் கைப்பேசித் தொடர்புப் பட்டியலையும் கொடுத்துவிட்டால், மிரட்டல் அத்தைக்கும் போகும், விரிவுரையாளருக்கும் போகும்.

பிணைக் கையெழுத்துப் போடாத அம்மாவோ தம்பியோ அந்தக் கடனுக்குப் பொறுப்பில்லை. ‘கொஞ்சம் கட்டினால் விட்டுவிடுவார்கள்’ என்று குடும்பத்தார் கட்டத் தொடங்கினால், இந்த வீட்டில் மிரட்டினால் பணம் வரும் என்று காட்டிக்கொடுத்தது போலாகும். சாயத்தைக் கழுவுமுன் படம் எடுக்க வேண்டும். மிரட்டல் குரல்பதிவுகள், வங்கிக் கணக்கு எண்கள் எதையும் அழிக்கக்கூடாது. அன்றே போலீஸ் புகார் செய்வது நல்லது. எங்கள் பக்கத்துக்கு மாவட்டப் போலீஸ் தலைமையகம் பந்திங்கில் இருக்கிறது.

உரிமம் பெற்றவர்களுக்கும் மிரட்ட உரிமையில்லை. அதையும் அதே சட்டம் தடுக்கிறது. உரிமம் உண்மையானதா என்பதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வங்கிக் கடன், கடன் அட்டைத் தொல்லை என்றால், பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. அங்கே போக வங்கியிலிருந்து வழக்கறிஞர் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.