செவ்வாய்க் கிரகத்துப் பொதி

மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில், புறாத் தீவைக் காண வரும் உல்லாசப் பிரயாணிகள் நிலாவெளிக் கரை விடுதிகளில் வந்து தங்குவர். அறைகள் நிறைய, கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும் நிறையும். அவ்வேளையில், ஒரு விடுதியின் இணைய வாயிலைக் காக்கும் லினக்ஸ் கணினியின் பதிவேட்டில் ‘மார்ஷியன்’, அதாவது செவ்வாய்க் கிரகவாசி, என்றோர் எச்சரிக்கை காணப்படுமாயின் உரிமையாளர் திகைப்பது இயல்பே. கள்வன் புகுந்துவிட்டானோ?

பெரும்பாலும் இல்லை. வலையமைப்பில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியும், கடித உறையைப் போல, அனுப்புவோர் விலாசத்தையும் பெறுவோர் விலாசத்தையும் தாங்கி வருகிறது. அனுப்புவோர் விலாசம் அவ்வழியே வரவியலாத ஒன்றாயின், அப்பொதி இவ்வுலகத்ததன்று என வேடிக்கையாகப் பெயரிட்டனர் பொறியியலாளர். 1995 இல் பிரெட் பேக்கர் தொகுத்த ரவுட்டர் விதிகளிலும் அப்பெயர் ஏறியது. நிலாவெளித் தபாற் பெட்டியில் இட்ட உள்ளூர்க் கடிதம் கொழும்புப் பையிலிருந்து வெளிப்பட்டால் தபாலதிபர் ஐயுறுவாரன்றோ?

ஒரே கட்டளையால் இவ்வெச்சரிக்கையை வாயடைத்துவிடலாம். பலர் அதையே செய்கின்றனர். ஆனால் போலி விலாசமிட்டு வரும் பகைப் பொதியையும் காட்டிக்கொடுப்பது இதே எச்சரிக்கைதான். ஆதலின் வாசித்தறிவதே முறை.

முதல் வரியில் முன்னால் நிற்பது பெறுவோர் விலாசம். அதன் பின்னரே அனுப்புவோர் விலாசம் வரும். இங்கே மயங்குவோர் அநேகர். அடுத்த வரிதான் உயிர்நாடி. அதில் இரண்டிரண்டு இலக்கங்களாக நிற்கும் பதினான்கு சோடிகளில் முதல் ஆறு, பெறும் கருவியின் வன்பொருள் எண். அடுத்த ஆறு, அனுப்பிய கருவியினது. அவ்வாறில் முதல் மூன்று, கருவியை ஆக்கிய நிறுவனத்தைச் சுட்டும். அவற்றின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ என்பவற்றுள் ஒன்றாயின், அது அநேகமாக விருந்தினரின் கைத்தொலைபேசி தானே புனைந்துகொண்ட எண்.

இவ்வாறு தேடினால் அகப்படுவது யாது? மேல்மாடிக்கென வாங்கிய இரண்டாவது ரவுட்டரின் கம்பி தவறான துவாரத்தில் செருகப்பட்டு, அது தன் விருப்பப்படி விலாசங்களை வழங்கிக்கொண்டிருக்கும். அல்லது, தொழிற்சாலையில் இட்ட விலாசத்தை விடாத அச்சுப்பொறி. ஐயமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பதிவேட்டைப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

127 எனத் தொடங்கும் விலாசத்தை மட்டும் அசட்டை செய்யலாகாது. அது கணினி தன்னோடு தானே பேசுதற்கு உரியது. முதல் வரியின் இறுதியிலுள்ள பெயர் வெளிக்கம்பியைக் குறித்தால், பதிவேட்டின் பிரதியோடு இணையச் சேவையாளருக்கு அறிவித்துவிடுக.